வெண்மதி அண்ணியின் மீசைக்காரர்கள்

வெண்மதி அண்ணி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்களுடையது பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு மீனவர் குப்பம். அண்ணன் கதிரவன் பிடித்து வரும் மீனை அண்ணிதான் புவனகிரி மார்க்கெட்டில் விற்கிறார். மத்தியானம் வீடு திரும்பியதும் அவர் முதலில் போவது அடுப்படிக்கு இல்லை, கண்ணாடித் தொட்டிக்கு.

தொட்டியில் மூன்று நவரை மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளாக வலையில் உயிரோடு வந்தவை. நவரைக்குத் தாடையின் கீழே இரண்டு மீசை இருக்கும். அதை மணலில் விட்டுத் துழாவித்தான் இரை தேடும். அதனால் அண்ணி நாலு விரல் கனத்துக்குக் கடல் மணல் பரப்பியிருந்தார். துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே பழைய வலைத்துண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகிறதென்று ஒரு டேபிள் ஃபேன் வேறு. குழம்புக்குப் போக வேண்டியதற்குக் காற்று வாங்கிக் கொடுக்கிறாள் என்று தெருவே சிரித்தது.

அம்மாவுக்கு அந்த இடத்தில் கிரைண்டர் வைக்க வேண்டும். ஒரு மீன் செத்தாலும் தொட்டி வெளியே போகும் என்று சொல்லிவிட்டார்.

"சாவாது அத்த," என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

நான் அண்ணாமலை நகரில் விலங்கியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வதென்று அண்ணி கேட்டபோது, கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தான் என்று யோசிக்காமல் சொன்னேன். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சொன்னதால் அது படித்தவன் பேச்சாகிவிட்டது. தினமும் அரைக் குடம் கடல் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார்.

மூன்றாவது வாரம் மீன்கள் மீசையை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கின. போட்ட இறால் தொடப்படாமல் கிடந்தது. அம்மா கிரைண்டரைத் துடைத்து வைத்தார். நான் போனில் நோய்களின் படமாகப் பார்த்து, கடலூர் போய் ஒரு நீல மருந்து வாங்கி வந்தேன்.

மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்கப் போன என்னைக் கையமர்த்திவிட்டு, அண்ணி தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"தம்பி, குழம்பு சுண்டிப்போனா உப்பு போடுவீங்களா, தண்ணி ஊத்துவீங்களா?"

எனக்குப் புரிய நேரமானது. ஃபேன் காற்றில் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அதன்மேல் தினமும் இன்னும் உப்பைச் சேர்த்திருக்கிறோம். உவர்ப்பும் ஆவியாதலும் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதியபோது எனக்கு அது தெரிந்திருந்ததா?

ஆனாலும் கடல் மீனுக்கு நல்ல தண்ணீரா என்று இழுத்தேன். அண்ணி காத்திருக்கவில்லை. கொஞ்சம் உப்புத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். குடிக்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் விட்டார். ஒரே மூச்சில் ஊற்றினால் மீன் தாங்காது என்று, மணிக்கு ஒரு டம்ளராக மூன்று நாள் அதே வேலை. மார்க்கெட் போகும் நேரத்தில் டம்ளர் என் கைக்கு வரும். நடுநடுவே நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை பெரிய நவரை மீசையை இறக்கியது. மணல் புகைபோல் எழுந்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே வந்து துழாவின. அம்மா எட்டிப் பார்த்தார். கிரைண்டருக்குக் கொல்லைப்பக்கம் ஒரு பிளக் போடச் சொல்லி அண்ணனிடம் பேசிக்கொண்டே போனார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அண்ணி காதில் வாங்கவில்லை.

"உங்க மார்க்கர் பேனாவ எடுத்துட்டு வாங்க. தண்ணி நிக்கற எடத்துல கண்ணாடியில ஒரு கோடு போடுங்க. அதுக்குக் கீழ எறங்குனா கேன் தண்ணி."

ஸ்கேல் வைத்து நேராகப் போட்டேன்.