வாப்பா அளந்த வாய்

போன வாரம் செம்பூரில் என் மகளின் பல் டாக்டர், பல்லின் மேல் உறை போல மாட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கடைவாய் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் எச்சில் பட்டுப் பட்டு அந்த நீலம் வெளுத்துவிடுமாம். வெளுக்காவிட்டால் பிள்ளை ஏமாற்றுகிறாள் என்று அர்த்தமாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நல்லவேளை, என் காலத்தில் இந்தப் புள்ளி கிடையாது.

இப்போது பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டுப் பல்லைப் படம் பிடித்துவிடுகிறார்கள். அப்போதெல்லாம் ரோஸ் நிறக் களிதான். ஸ்ட்ராபெரி எசன்ஸும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. வாய் நிறைய அதை அமுக்கி, இறுகும்வரை அசையாதே என்பார்கள். அந்த வாடையை நினைத்தாலே கூடவே வாப்பாவின் பட்டறை வாடையும் வந்துவிடும்: பதப்படுத்திய தோல், ஒட்டுகிற சொல்யூஷன். மேலப்பாளையத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார் வாப்பா.

அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தோல்காரர் அளந்து கொடுத்ததை அவர் கண்ணெதிரேயே மறுபடி அளப்பார். பாலை விரலில் தொட்டு வழியவிட்டுப் பார்ப்பார். கல்யாண் நகரிலிருந்து சொந்த மச்சான் நிக்காஹ் பத்திரிகை கொண்டுவந்தபோதுகூட, தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் புரட்டினார். மாமா அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வலது பக்கம் என் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே இறங்கிக் கடிக்கும். வாயை மூடினால் தாடை ஒரு பக்கமாக ஒதுங்கும். போட்டோ எடுக்கும்போதெல்லாம் உம்மா என்னை ஒருக்களித்தே நிற்கவைப்பாள். மாதுங்காவில் ஒரு டாக்டரம்மா, தமிழ்க்காரர் என்று கேள்விப்பட்டு வாப்பா கூட்டிப்போனார்.

"மூடி பெட்டிக்கு வெளியிலதானே உக்காரணும்? இவளுக்கு மேல்தாடை குறுகல், மூடி பெட்டிக்குள்ள போயிடுத்து. எலும்பு இளசா இருக்கறச்சே அகலப்படுத்திடலாம். விட்டுட்டா முகமே கோணிண்டு வளரும்" என்றார் டாக்டரம்மா.

பெட்டியும் பையும் தைக்கிறவரிடம் இப்படிச் சொன்னால் விடுவாரா? "மூடி சின்னதுன்னா வேற மூடில்லா வெட்டணும்? இழுத்தா கிழிஞ்சிராதா?" என்றார் வாப்பா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணத்தில் உட்காரும் தட்டு ஒன்றைச் செய்து தந்தார். நடுவில் இரண்டாக அறுத்து, ஒரு திருகு வைத்திருந்தது. வாரம் ஒரு தடவை சின்னச் சாவியால் கால் சுற்று திருகினால் தட்டு விரியும், அது தாடையை விரிக்கும். ராப்பகலாகப் போட்டிருக்க வேண்டும். சாவியை வாப்பாவிடம் கொடுத்தார்.

"திருக்குறது நாம. அப்ப டாக்டரு எதுக்கு?" வீடு வரும்வரை இதே பேச்சு. அந்தக் களியில் வார்த்த என் பல்லின் மாவு அச்சையும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிவந்து பட்டறை அலமாரியில் வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் என்னை அங்கே உட்காரவைத்துச் சாவியைத் திருகுவார். பிறகு தையல் கோடு போடுகிற டிவைடரை எடுத்து, அதன் கூர்முனைகளில் ரெக்சின் துண்டு சுற்றி, "வாயத் தொறளா" என்பார். இரண்டு கடைவாய்க்கும் நடுவே அளந்து, அப்படியே கொண்டுபோய் அச்சின் மேல் வைத்துப் பார்ப்பார்.

"ஒரு நூல்கூட அசையல."

எப்படி அசையும்? அதைப் போட்டால்தானே! தட்டு வாயில் இருந்தால் 'சரித்திரம்' என்பது 'ஷரித்திரம்' என்று வந்தது. வகுப்பே சிரித்தது. எங்கள் சந்து திரும்பியதும் தட்டு கம்பாஸ் பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் சாப்பிடக் கழற்றுவேன், மறந்தமாதிரி இருந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்குப் பிள்ளை.

வாராவாரம் தட்டு விரிந்தது, வாய் விரியவில்லை. ஏழாவது வெள்ளிக்கிழமை எவ்வளவு அமுக்கியும் அது உள்ளே உட்காரவில்லை. தட்டு, அச்சு, டிவைடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாப்பா என்னை மாதுங்காவுக்கு இழுத்துப்போனார். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏழு வாரமா அளந்துட்டுல்லா வாறேன்! ஒங்க தட்டு அளவு தப்பு" என்றார்.

டாக்டரம்மா தட்டை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு வாரம் வாயில் இருந்த தட்டில் பல் பதிந்திருக்கும், டீக்கறை ஏறியிருக்கும். என்னுடையது வந்த அன்றைக்கு இருந்த பளபளப்போடு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். இடது வாரில் ஒரு தையல் விட்டிருந்தது.

"என் அளவுதான் தப்பாப் போச்சு. புதுசாப் பண்ணித் தரேன்" என்றார்.

மறுபடி அந்த ரோஸ் களி. அதை என் வாயில் அமுக்கும்போது குனிந்து, வாப்பாவுக்குக் கேட்காமல், "இதையாவது போட்டுக்கோ, என்ன?" என்றார். வாய் நிறையக் களியோடு தலையாட்டினேன்.

இரண்டாவது தட்டை நான் கழற்றவே இல்லை. பேச்சும் பத்து நாளில் சரியாகிவிட்டது. சில மாதங்களில் டிவைடரின் கால்கள் அகலமாக விரிந்தபோது வாப்பா பட்டறையே அதிரக் கூவினார். அதோடு நின்றிருக்கலாம். "நான் அளந்து பிடிச்சேன், இல்லன்னா அந்தம்மா ஏமாத்தியிருப்பா" என்று பள்ளிவாசலில், டீக்கடையில், தோல் வாங்கப் போகும் தேவ்நார் வரைக்கும் சொல்லிவைத்தார். தாராவியிலிருந்து டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்த நம்மவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசித் தடவை போனபோது காத்திருக்கும் பெஞ்சில் உம்மாவும் நானும் மட்டும்தான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த கிளினிக் இருந்த இடத்தில் இன்று மொபைல் கவர் விற்கிறார்கள். டாக்டரம்மா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாப்பாவும் இதெல்லாம் தெரியாமலே மவுத்தாகிப் போனார்.

இன்று காலை மகள் குளிக்கப் போனதும் அவள் தட்டை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். நீலம் நன்றாகவே வெளுத்திருந்தது. திரும்பினால் ஈரத்தலையோடு நிற்கிறாள். "மம்மி, மேரே பே ஷக்?" என்றாள். என் மேலேயே சந்தேகமா என்கிறாள். தட்டை அவள் கையில் கொடுத்தேன்.

வாப்பா தட்டைச் சந்தேகப்பட்டார், திருகைச் சந்தேகப்பட்டார், டாக்டரம்மாவைச் சந்தேகப்பட்டார். ஏழு வெள்ளிக்கிழமை என் வாய்க்குள் கைவிட்டு அளந்தவர், "நீ தட்டப் போட்டியாளா?" என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. நான் என் மகளிடம் தினமும் கேட்கிறேன்.