கவிழ்த்துப் போட்ட நாலு ஆர்ட்டின்

கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் போக்கர் சீட்டாட்டத்தில் கணக்குச் சொல்ல எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எண்பதுகளில் ஒரு தீபாவளி மத்தியானம், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். மகள், மருமகனோடு உட்கார்ந்து ஆடினோம்.

"அஞ்சு தடவைக்கு ஒரு தடவைதான் சீட்டு வரும்னாலும், நீங்க போடுற காசுக்கு நாலு மடங்குக்கு மேல நடுவில கிடந்தா தாராளமா போடுங்க" என்று சம்பந்தியம்மாவுக்கே பாடம் சொன்னேன்.

பிறகு எனக்கு நாலு ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டு, சேர்ந்தது. ஐந்தாவது சீட்டும் ஆர்ட்டினாக வந்தால் ஜெயித்துவிடலாம். நடுவில் பன்னிரண்டு வெள்ளிப் பணம் கிடந்தது. நான் போட வேண்டியது இரண்டு. ஆனால் சுருக்குப்பையில் ஐம்பது காசுதான் இருந்தது. மிச்சமெல்லாம் விருந்துக்கும் மருமகன் வேட்டிக்கும் போயிருந்தது. மகளிடம் கேட்டால் கொடுப்பாள். சம்பந்தி முன்னால் எப்படிக் கேட்பது?

"கை சரியில்ல" என்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன்.

ஆட்டம் முடிந்து சீட்டுகளைப் பொறுக்கிய மகள் நான் கவிழ்த்ததைத் திருப்பிவிட்டாள். "என்னம்மா, நாலு ஆர்ட்டின வச்சுக்கிட்டா விட்டீங்க? ரெண்டு வெள்ளிக்குப் பன்னண்டு. நீங்க சொன்ன கணக்குதானே லா."

மருமகன் சிரித்தார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த பையை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு இந்தப் பெரிய ஆட்டமெல்லாம் ஒத்து வரல, சம்பந்தி. பத்துக் காசு வச்சு ஆடுவோமா?" என்றார், அதுவரை ஜெயித்துக்கொண்டே இருந்தவர்.

தலையாட்டினேன். அடுத்த ஆட்டம் நான்தான் ஜெயித்தேன். அந்தச் சில்லறையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. சம்பந்தியம்மாதான் என் பக்கம் தள்ளிவிட்டார்.