எண்ணெய் தேச்ச உடம்பும் என் விசிலும்

அருவியில போலீஸ் டியூட்டின்னா சம்பளத்தோட குளுகுளுன்னு நிக்கலாம்னு நினைக்கிறவங்க, ஒருநாள் என் காக்கியைப் போட்டுக்கிட்டுக் குற்றாலத்துல நின்னு பாருங்க. குளிக்கிற ஆளைக் கரையேத்துறதுதான் எங்க பிழைப்பு. டீச்சரோ நர்ஸோ கண்டக்டரோ, பாதி வேலையில இருக்கிற மனுஷனை எழுப்பிப் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்ட எல்லாரும் நம்ம கூட்டம்தான்.

எண்ணெய் அண்ணாச்சி

மலைமேல மழைன்னா முதல்ல தண்ணி நிறம் மாறும். அப்புறம் சருகும் சுள்ளியும் வரும். அதுக்கப்புறம் வெள்ளம் வரும்போது அருவியில ஒருத்தரும் நிக்கக் கூடாது. அதனால நிறம் மாறின உடனே விசில் ஊதிருவோம். ஒருநாள் ஊதினப்ப எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டே வெளியே வந்தாங்க, ஒருத்தரைத் தவிர. தென்காசியில மளிகைக் கடை வெச்சிருக்கிறவர். அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாதுன்னு போர்டு இருக்கு, அதை யாரு படிக்கா? உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் மசாஜ் பண்ணிட்டு அப்பத்தான் தண்ணியில தலையை நீட்டியிருக்கார்.

கையைப் பிடிச்சா வழுக்கிட்டுப் போறார். கடைசியில இடுப்புல துண்டைச் சுத்தி ரெண்டு பேரா இழுத்தோம். உயிரோட கரையேறின மனுஷன் என்னைப் பாத்துச் சொன்னது இது:

"எண்ணெய் தேச்சவன வெளிய நிறுத்துதியே தாயி, இலையில சோத்தப் போட்டுட்டுக் கையப் பிடிக்க மாதிரில்லா இருக்கு."

நுரை

பெண்கள் பக்கம் வந்தா ஷாம்பு. ஒரு அக்கா தலை நிறைய நுரையோட கண்ணை மூடிக்கிட்டு நிக்காங்க. விசில் கேக்குது, நான் கத்துறதும் கேக்குது. "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு"ன்னு கையை மட்டும் ஆட்டுறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல பூட்ஸோட இறங்கி முடியைப் பிடிச்சே இழுத்துட்டு வந்தேன். நாங்க இந்தப் பக்கம் வரவும், மேல இருந்து ஒரு மரக்கட்டை அவங்க நின்ன இடத்துலயே விழுந்துச்சு.

அதை அவங்களும் பாத்தாங்க. நான் அப்படியே படியில உட்காந்துட்டேன். தலையைத் தடவிப் பாத்துட்டு, அந்த அக்கா மெதுவாக் கேட்டாங்க:

"அது சரிம்மா, இந்த நுரைய இனி எங்கன போயி அலச?"

செல்வி கண்டுபிடிச்ச வழி

செல்வி என் கூட வேலை பாக்கிற கான்ஸ்டபிள். முன்னால புளியறை செக்போஸ்ட்ல இருந்தவ. பரோட்டாவைப் பிச்சு வாயில வெச்ச லாரிக்காரனை எழுப்பிப் பேப்பரைக் காட்டச் சொல்லிப் பழகினவ, கேக்கணுமா? ஒருநாள் நான் தொண்டை வறள ஊதியும் ஒருத்தனும் அசையல. அவ கூலா வந்து நின்னு, "கரையில எவனோ செருப்பையெல்லாம் அள்ளிட்டுப் போறான்"னு ஒரு சத்தம் விட்டா பாருங்க.

கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஆண்கள் பக்கம் காலி. வெள்ளத்துக்கு வராத பயம் செருப்புக்கு வந்துருச்சு. இது எந்த ஊரு நியாயம்னு நான் தலையில கை வெச்சப்ப அவ சிரிச்சா:

"போதும்னு சொன்னா எவம்ட்டி கேக்கான்? வேற ஒரு வேலையக் கையில குடு, இதத் தன்னால விட்டுருவான்."

ஒரு நிமிஷம்

அந்தச் செருப்புப் பொய் பல தடவை ஆளைக் காப்பாத்துச்சு. அப்படி ஒரு மழை நாள் சாயங்காலம், ராயகிரியில இருந்து ஒரு விவசாயி, கூட அவர் சம்சாரம். அவரும் உடம்பு பூரா எண்ணெயோடதான் அருவியில நின்னார். செல்வி சத்தம் போட்டதும் கூட்டத்தோட கூட்டமா ஓடி வந்தார். அவர் கரையேறினதை என் கண்ணால பாத்தேன். சரி, ஆண்கள் பக்கம் முடிஞ்சுதுன்னு பெண்கள் பக்கத்துப் படியை மறிக்கப் போயிட்டேன்.

செருப்பு வெச்ச இடத்துலயே இருந்திருக்கு. நாங்க குடுத்த வேலை அதோட முடிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது அந்தப் பழைய வேலைதான். தடுப்புச் சங்கிலிக்குக் கீழே குனிஞ்சு திரும்பவும் உள்ள போயிட்டார். செல்வி பாத்துக் கத்துறதுக்குள்ள மேல இருந்து வந்த தண்ணி அவரை அடிச்சிட்டுப் போயிருச்சு. மறுநாள் காலையில கீழே ஓடையில இருந்து உடம்பைத் தூக்கினாங்க.

அவர் சம்சாரம் எங்க மேல ஒரு குத்தமும் சொல்லல. போலீஸ் பூத்துல என் பக்கத்துல உட்காந்திருந்தாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன், வேற என்ன செய்ய? என்கிட்ட மட்டும் கேக்கிற மாதிரி சொன்னாங்க:

"எண்ணெயோட பஸ்ஸுல எப்படி ஏறுவீக, தண்ணியும் கொறஞ்ச மாதிரிதான இருக்கு, ஒரு நிமிஷம் அலசிட்டு வாங்கன்னு நாந்தாம்மா அனுப்புனேன்."

அருவிக்குள்ள நிக்கிற ஆளை வெளியே கூப்பிட எங்களுக்கு விசிலு, மைக்கு, செருப்புப் பொய்யுன்னு எத்தனையோ வேண்டியிருக்கு. பாதியில விட்ட குளியலுக்கு அவரைத் திரும்ப உள்ளே கூப்பிட 'ஒரு நிமிஷம்'ங்கிற ஒரு சொல்லே போதும்.