தெரிந்தே குத்திய சீட்டு

“…கள்ளன்னு தெரிஞ்சுதானலே போட்டோம். தெரியாமப் போட்டிருந்தா வருத்தப்பட்டுக்கிட்டுக் கிடக்கலாம். தெரிஞ்சு போட்டதுக்கு என்னத்த வருத்தம்?” என்றாள் அக்கா.

காலை ஏழு மணி இருக்கும். ஊர் முக்கில், கம்பெனி வேனுக்காகத் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அச்சாபீஸுக்குக் கிளம்பிய நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இந்தப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நாம் ஓட்டுப் போட்டது தப்போ என்று கேட்டிருந்தேன். பத்து நாளாக உள்ளே கிடந்து உறுத்திய கேள்வி. அவள் அதைப் பாக்குத் தூள் மாதிரி ஓரமாகத் துப்பிவிட்டாள்.

எங்கள் ஊர் நாரணாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அந்த இரண்டு பேரும் படித்துவிட்டு, தங்களைப் பற்றி அச்சில் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றது அந்த இரண்டு பேர்தான். ஒருவர் உள்குத்தகைக்காரர். பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கும்; அவர் மதுரையில் உட்கார்ந்துகொண்டு அறை அறையாக இந்த மாதிரி ஆட்களுக்கு விட்டுவிடுவார். ஓர் அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். இவர் ஒன்பது பேரை உட்கார வைப்பார். அதற்கும் மேலே ஆள் வந்தால் வெளியே வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, “காத்தாட உக்காந்து வேலை பாருங்க” என்பார். காற்றுக்கும் வெடிமருந்துக்கும் உள்ள சிநேகம் அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்தவர் என்பதால்தான் அந்தப் பக்கம் அவர் அதிகம் வருவதில்லை. என் அக்கா அவரிடம்தான் வேலை பார்த்தாள்.

இன்னொருவர் பெரிய சம்சாரி. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். குத்தகைக்காரரின் அறைகளைப் பற்றி மனு எழுதிப் போட்டு அதிகாரிகளை வரவழைத்து, சீல் வைக்கச் செய்தவர் இவர்தான். உசுரு முக்கியம் இல்லையா என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் சீல் வைத்த மறுநாள் காலையிலேயே அவருடைய டிராக்டர் எங்கள் தெருவுக்கு வந்து நின்றது, களையெடுக்கப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போக. அவர்கள் உயிர்மேல் அவருக்குப் பாசம் வந்தது சரியாகக் களை முளைக்கிற பருவம். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுச் சீக்கிரம் ஆம்புலன்ஸ்கூட வராதுய்யா” என்றார்.

சீல் வைத்தபோது நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லிவிட வேண்டும். காரணம் ஒரு வாளி.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அக்காவின் கம்பெனியில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். எல்லாரும் போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் அவரவர் போனைத் தேடி எடுத்துக்கொள்வார்கள். சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் வெடித்தபோது, அக்கா அங்கே இல்லை என்று தெரிந்தும் நான் ஓடினேன். ஊரே ஓடியது. அங்கேயும் வாசலில் அதே மாதிரி ஒரு வாளி. அதற்குள் அத்தனை போனும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம். நின்று நின்று திரும்ப அடித்தன. ஒரு போலீஸ்காரர் அதைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கும் அங்குமாக நடந்தார்.

ஆகவே எனக்குக் குத்தகைக்காரர் ஆகாது. சம்சாரியும் ஆகாது. இப்படிப்பட்டவனை ஊரில் விவரமான ஆள் என்பார்கள். ஒன்றுக்கும் உதவாதவன் என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது.

தேர்தல் நோட்டீஸுக்கு இரண்டு பேரும் எங்கள் அச்சாபீஸுக்கே வந்தார்கள். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன் நான். எட்டாவதோடு நின்றவன். கல்யாணப் பத்திரிகையும் காலண்டர் ராசிபலனும் அடித்து அடித்தே தமிழ் படித்தவன். குத்தகைக்காரர் தன் வாக்குறுதிகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். சம்சாரி போட்டோவை மட்டும் கொடுத்துவிட்டு, “வாக்குறுதியெல்லாம் நீயே போட்டுக்கப்பா, எல்லாம் ஒண்ணுதான” என்று போய்விட்டார். அவரைவிட நான் பத்து வயது மூத்தவன் என்பது வேறு விஷயம்.

அது காலண்டர் சீசன். மூச்சு விட நேரமில்லை. குத்தகைக்காரர் நோட்டீஸைத் திறந்து, முகத்தையும் சின்னத்தையும் மாற்றி, வரிகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தேன். பிறகு என்பது வரவே இல்லை. மெஷின்காரர் அடித்துத் தள்ளிவிட்டார். மறுநாள் வீட்டு வாசலில் கிடந்த நோட்டீஸைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது வாக்குறுதி: சீல் வைக்கப்பட்ட பட்டாசு அறைகளைத் திறக்கப் பாடுபடுவேன். சீல் வைக்கச் சொன்னவரே சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பயந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். தன் நோட்டீஸை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். மூன்றாவது வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும்ப்பா. நல்லாத்தான இருக்கு” என்றார். அன்று சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி அதை வாசித்துக்கொண்டு போனார்கள். உசுரு முக்கியம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. அப்படி ஒரு கொள்கை, என் சோம்பேறித்தனத்தைக்கூடத் தாங்கவில்லை. நான் அடித்த தப்பு ஊரில் யார் கண்ணிலும் படவும் இல்லை. இரண்டு நோட்டீஸையும் அடுத்தடுத்து வாங்கி, வடை மடித்துத் தின்று, கையையும் துடைத்துக்கொண்டார்கள்.

நோட்டீஸைப் படித்தவள் அக்கா ஒருத்திதான். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, “ரெண்டு பேரும் திறக்கேன்னுதான் சொல்லுதாக. அப்ப திறக்கத் தெரிஞ்சவனுக்கே போடுவோம்” என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். நான் வாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

சீல் வைத்த நாளிலிருந்து அவள் சம்சாரி காட்டுக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தாகம் என்று கேட்டால் செம்பைத் தரமாட்டார்கள். ஒருவர் நின்றுகொண்டு மேலேயிருந்து ஊற்ற, குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிக்க வேண்டும். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.

“கம்பெனில எனக்குன்னு ஒரு பாட்டில் இருக்குலே. மூடியத் தொறந்து, எனக்கு வேணும்கப்ப நானே குடிப்பேன்” என்றாள்.



பள்ளிக்கூடத்தில் ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு சின்னங்களும் ஒன்றுக்கொன்று குறைவில்லாமல் என்னைப் பார்த்து இளித்தன. குத்தகைக்காரர் சின்னத்தில் குத்தினேன். குத்திய உடனே, மை காய்வதற்கு முன் மடித்து அது மறுபக்கம் ஒட்டிச் செல்லாத ஓட்டாகிவிடக் கூடாதா என்று நினைத்தேன். ஓட்டுப் போட்ட கையோடு அது செல்லாமல் போக வேண்டும் என்று இருக்கன்குடி ஆத்தாளை வேண்டிக்கொண்ட ஒரே வாக்காளன் நானாகத்தான் இருப்பேன். ஆத்தாள் கேட்கவில்லை. வேண்டுதலைக் கேட்டு அவளுக்கே அருவருப்பாக இருந்திருக்கும்.

அவர் ஜெயித்தார். தெரு நீளத்துக்குச் சரவெடி. அதைப் பின்னிய பொம்பளைகளே காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தோற்ற சம்சாரி மாலையோடு வந்து கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்ததைப் பார்த்தபோது, அவருக்குக் குத்தாமல் போனோமே என்ற வருத்தம் மட்டும் எனக்கு வராது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் சீல் எடுத்தார்கள். தலைவர் அச்சாபீஸுக்கு வந்தார், ‘இவ்வறையில் நால்வர் மட்டும்’ என்று போர்டு அடிக்க. எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. பதவி வந்ததும் ஆள் திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன், எனக்கும் வயதாகிறது. அவர் என் தோளில் கை போட்டு, “பெரிய எழுத்தாப் போடுங்க அண்ணாச்சி. ஜீப்புல வர்றவகளுக்கு ரோட்டுலருந்தே தெரியணும். உள்ள வரைக்கும் வந்து கஷ்டப்பட வேண்டாம் பாருங்க” என்றார். நான் பெரிய எழுத்தாகப் போட்டேன். சிவப்பில், அடிக்கோடும் போட்டு. கேட்டதற்குமேல் நன்றாகச் செய்துகொடுக்கிற கெட்ட பழக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

முதல் மாதம் நாலு பேர்தான். ஆர்டர் கூடியது. ஆறு ஆனது. பத்து நாளைக்கு முன்னால், சோற்றைப் பிசைந்துகொண்டே, இப்போது எட்டுப் பேர் இருக்கிறோம், கையை நீட்ட முடியவில்லை என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த உறுத்தல். எங்கள் பக்கத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் அப்படியே நிற்போம். ஒன்றோடு நின்றால் யாரோ சாம்பிள் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால் ஓட வேண்டும். அந்தப் பத்து நாளும் நான் விசையில் விரலை வைத்தபடி இரண்டாவது சத்தத்துக்குக் காத்துக் காத்தே பக்கம் கட்டினேன். அது வராதவரை என் ஓட்டு சரி. வந்தால் தப்பு. இப்படித்தான் என்னுடைய ஜனநாயகம் நடந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் அன்று காலையில் அவளிடம் கேட்டேன். தெரிந்து போட்டதற்கு என்ன வருத்தம் என்று அவள் சொல்லி முடிப்பதற்கும் வேன் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளே ஏற்கனவே மடியில் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். உள்ளிருந்து ஒருத்தி, தம்பியைக் கொஞ்சினது போதும், ஏறி வா மதினி என்று கத்தினாள்.

அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கித் திரும்பி வந்தாள். ஒருநாளும் இல்லாத வழக்கமாக, தினம் வாளிக்குப் போகிற போனை இடுப்பிலிருந்து எடுத்து அணைத்து, என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.