ஜீப்புக்குக் காற்று

அக்காவின் கருமாதி முடிந்த மறுவாரம், அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்த அதே ஜீப் எங்கள் பட்டறைக்கு வந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடத்தின் கடைசி மாதங்கள் அவை. மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் இடத்தில் இருந்தது பட்டறை. நான் அங்கே மெக்கானிக். கல்யாணமாகவில்லை, பட்டறைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் தங்கியிருந்தேன். முதலாளியைத் தவுக்கே என்போம்; பல தலைமுறையாக இங்கேயே வாழும் செட்டிக்காரர். திருநீறு பூசாமல் கதவைத் திறக்கமாட்டார், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான்.

ஜீப்பை ஓட்டிவந்தவர் தோட்டத்து டிரைவர். நாற்பது வயதிருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் பிணவறை வாசலில் பார்த்திருந்தோம். அன்று அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வண்டியை விட்டு இறங்கி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.

"தம்பி, இந்த வண்டிக்கு ஒரு காத்து மிஷின் மாட்டணும். எஞ்சின்லயே ஓடணும். தொரைகிட்ட நானே போயிக் கேட்டேன், சரின்னுட்டாரு. இனிமே கையால பம்ப் அடிக்கிற வேலையே கூடாது."

பின்பக்கத்தில் சாக்கில் சுற்றி ஒரு கம்ப்ரஸர் கிடந்தது. பழைய ராணுவ லோரியின் காற்று பிரேக்குக்கு உழைத்த சாமான். கூடவே காற்று அடைத்துவைக்க ஒரு சின்ன இரும்புத் தொட்டி. எல்லாம் பழைய இரும்புக் கடையில் பிடித்தவை.

தவுக்கேவுக்கு விஷயம் தெரியும். என்னைத் தனியே கூப்பிட்டு, "ஓராங் லாயின் போலே பிக்கின்" என்றார். வேறு ஆள் செய்யட்டும், உனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நானே செய்கிறேன் என்றேன். துணிச்சலால் சொல்லவில்லை. செய்வதும் செய்யாததும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றுவலியோடு இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தொட்டுப் பார்த்துவிட்டு, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். நல்ல மழை. தோட்டத்துச் செம்மண் ரோடு முழுக்கச் சேறு. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான், ஆனாலும் அந்தச் சேற்றில் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால்தான் சக்கரம் அகன்று, புதையாமல் போகும். டிரைவர் அப்படித்தான் இறக்கினார். தார் ரோட்டுக்கு வந்ததும் அந்த டயரோடு வேகமாகப் போக முடியாது, ட்யூப் பிய்த்துக்கொள்ளும். அதனால் ஓரமாக நிறுத்தி, கைப்பம்பால் ஒவ்வொரு சக்கரமாகக் காற்று அடித்தார்.

மீதியை அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கருமாதியன்று சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் சொன்னார்.

"மூணாவது சக்கரத்துக்கு அடிக்கிறப்பவே அவ மூச்சு நின்னுருச்சுடா. தலை என் மடியிலதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அந்த மனுசன் மழையில நனைஞ்சிக்கிட்டு அடிச்சிக்கிட்டே இருந்தாரு. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது? நாலாவதுக்கும் அடிச்சாரு. அப்புறம் ஏறி, வேகமா ஓட்டுனாரு. நான் பேசாம உக்காந்து வந்தேன்."

கேட்டுவிட்டு நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். அழுகை வரவில்லை. அடக்கம் நடந்த அன்றும் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையைத் தொடங்கினேன். எஞ்சினின் முன்னாலிருந்த புல்லியில் ஒரே ஒரு பள்ளம்; அதில் விசிறி பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸருக்கு இன்னொரு பெல்ட் வேண்டும், அதற்கு இரட்டைப் பள்ளமுள்ள புல்லி வேண்டும். கழற்றிக் காகிதத்தில் சுற்றி, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவைத் தாண்டியிருந்த சீனரின் கடைசல் பட்டறைக்குச் சைக்கிளில் எடுத்துப்போனேன். அந்தத் தெருவில் பிள்ளையார் கோயில் முன்னால் எப்போதும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். அன்று கடைசல் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்திய பிறகுதான், கோயிலைத் தாண்டி வந்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

கம்ப்ரஸரைத் தாங்க எஞ்சின் பக்கவாட்டில் ஒரு தகடு வெட்டிப் பூட்டினேன். முதல் தகடு சரிவரவில்லை. மெல்லிசாக வெட்டிவிட்டேன், எஞ்சினைக் கிளப்பியதும் மொத்தமும் கிடுகிடுவென்று ஆடி, பெல்ட் கழன்று எகிறியது. வேறு சமயமாக இருந்தால் என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். அன்று பெல்ட்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, தடிமனான தகடு ஒன்றைத் தேடினேன்.

இரண்டாவது தகட்டை எஞ்சின் சூட்டோடு பூட்டிக்கொண்டிருந்தபோது தவுக்கே ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்த பிறகுதான் கருகிய வாடை மூக்கில் ஏறியது. என் முன்கை புகைக்குழாயின் மேல் படிந்திருந்திருக்கிறது. தோல் வழன்று போயிருந்தது.

"லு தா ராசா கா?" என்றார். உனக்கு உறைக்கவில்லையா என்று கேட்டார்.

"தா," என்றேன். இல்லை.

அவர் வீட்டுக்குப் போய் ஏதோ களிம்பு கொண்டுவந்து தடவி, வெள்ளைத் துணி கட்டிவிட்டார். களிம்பு படும்போதெல்லாம் அவர்தான் முகம் சுளித்தார். என் கை சும்மா இருந்தது.

புல்லி இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். தொட்டியைப் பின் இருக்கைக்கு அடியில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினேன். அந்த இருக்கையைக் கழற்றி மாட்டும்போது மட்டும் தவுக்கே என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் அதை ஒரு இருக்கையாகத்தான் பார்த்தேன். கம்ப்ரஸரிலிருந்து தொட்டிக்குப் போகும் செப்புக் குழாயை ஒரு சுருள் சுற்றி விட்டேன். அதிர்வில் உடையாமலிருக்கவும், சூடான காற்று ஆறிப் போகவும். தொட்டி நிறைந்தால் மீதிக் காற்றை வெளியே விட ஒரு வால்வு. அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு. கடைசியில், நாலு சக்கரத்துக்கும் எட்டும் நீளத்தில் ரப்பர் குழாய். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். எங்கும் குமிழி வரவில்லை.

டிரைவர் வந்ததும் சோதித்துப் பார்க்கத் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போனோம். சாயங்காலம், அலை உள்வாங்கியிருந்தது. டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் ஓட்டினார். வண்டி புதையாமல் போனது. மேட்டுக்கு ஏறி வந்து, எஞ்சினை ஓடவிட்டபடியே, நான் குழாயை முதல் சக்கரத்தில் மாட்டினேன். டயர் மெல்ல நிமிர்ந்தது. அடுத்தது. அவர் எனக்குப் பின்னாலேயே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது பேசத் தொடங்கினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஒங்க அக்கா மொனகிக்கிட்டே வந்தாங்க. நான் பம்ப் அடிக்கிற சத்தத்துலயும் அது கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு."

நான் குழாயைப் பிடித்தபடி இருந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா திரும்பிப் பாக்கப் பயம். பாத்தா ஒங்க மாமா மொகத்தப் பாக்கணும். அதான் நாலாவதுக்கும் அடிச்சேன். வேணும்னே மெதுவா அடிச்சேன் தம்பி. ஆஸ்பத்திரி வரைக்கும் அவரு என்னைய ஒண்ணும் கேக்கல. பாவம், அவருக்குத் தெரியல."

டயர் நிறைந்துவிட்டது. குழாயைக் கழற்றினேன்.

"மாமாவுக்குத் தெரியும் அண்ணே. மூணாவதுலயே தெரியும். நீங்க நனைஞ்சிக்கிட்டு அடிக்கிறீங்கன்னுதான் சொல்லாம இருந்தாரு."

அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய ஆள், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது சக்கரம் பாக்கி இருந்தது. போய் அதற்கும் காற்று வைத்தேன்.

திரும்பும் வழியில் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"தெரியல அண்ணே. டாக்டர் ஒண்ணும் சொல்லல. நாங்களும் கேக்கல."

மாமாவைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டார். போங்கள் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுப் பலகாரம் மாமாவின் லயத்து வீட்டுக்குப் போகும் என்று மட்டும் தெரியும். மாமா கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஜீப் அதே தோட்டத்தில் பல வருடம் ஓடியது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்ததும், டிரைவர் இறங்கிக் குழாயை மாட்டுவாராம். ஒரு சுருட்டு பற்றவைக்கிற நேரத்தில் சக்கரம் தயாராகிவிடும் என்பார்கள்.

எனக்கு அழுகை வந்ததா என்று பிற்காலத்தில் என் மனைவி கேட்டிருக்கிறாள். வரவில்லை. முன்கைப் புண் ஆறிய பிறகு சாப்பாட்டில் உப்பு, காரம் மறுபடி தெரிய ஆரம்பித்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த வேலை முடிந்த அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்து ஜீப் ஒன்று அதே வேலைக்கு வந்தது. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புது டிரைவர் இளவயதுக்காரர், வாய் ஓயாதவர்.

"இத மொதல்ல யாருண்ணே கண்டுபிடிச்சது? நல்ல ரோசனை!"

ராணுவ லோரியில் இருந்தது, கழற்றி மாட்டினோம் என்றேன். இந்த முறை முதலிலேயே தடிமனான தகடாக எடுத்தேன். வேலை பாதி நாளில் முடிந்தது.