கிழிந்த சத்தம்

நாவுல ஊர் மைதானத்தில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு என் ஜெனரேட்டரைக் கொண்டு போயிருந்தேன். ஹெவி மெட்டலும் ராப்பும் கலந்து பாடும் குழு என்றார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. பாட வந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். ஆஸ்பத்திரியில் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்கிற மிஸ் மாதிரி இருந்தார்.

மூன்றாவது பாட்டில் கிட்டார் கரகரவென்று அலறியது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, எல்லாம் எரிந்தால் பழி என் தலையில் என்று பயந்து ஜெனரேட்டரை நிறுத்திவிட்டேன்.

கிட்டார் அடங்கியது. அந்தப் பெண் அடங்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வாயால், தமிழும் சிங்களமுமாக வேகவேகமாகப் பாட்டை முடித்தார். சனம் கைதட்டித் தாளம் போட்டது. மைதானத்தின் கடைசியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பிறகு என்னிடம் நடந்து வந்தார். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்தேன்.

"என்னங்கண்ணே, டீசல் முடிஞ்சிருச்சா?"

"இல்லைங்கம்மா. ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கிழிஞ்ச சத்தத்துக்குத்தாண்ணே மூணு மாசமா பழகுனோம்! போடுங்க, இன்னும் கிழிக்கிறோம்."

போட்டேன். கிட்டார் மறுபடி அலறியது. அதற்கும் மேலே அவர் குரல் ஏறி நின்றது.

என் ஜெனரேட்டர் டீசலில் ஓடுகிறது. அந்தப் பெண் எதில் ஓடினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.