இன்னாசியின் பிராக்டிகல் பரீட்சை

இன்னாசி போய்விட்டான்.

காலையில் தங்கச்சிமடத்திலிருந்து அவன் மகள் போன் செய்தாள். "மாமா, அய்யா போயிட்டாக. மூணு மணிக்குக் கோயில்ல அடக்கப் பூசை. நீங்க எங்கிட்டு வரப் போறீக, இம்புட்டுத் தொலவுல இருந்து..." என்றாள். உண்மைதான். முட்டி இரண்டும் போன பிறகு நான் எங்கே கோயம்புத்தூரிலிருந்து கிளம்ப?

இங்கே பேஸ்புக்கில் என் பிரண்ட்ஸ் லிஸ்டில் பாதிப் பேர் என்னிடம் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். யாருக்கும் இன்னாசியைத் தெரியாது.

அறுபதுகளில், ராமநாதபுரம் பக்கம் ஒரு காலேஜில், பி.யூ.சி.யில் என் பெஞ்ச்மேட். நான் கடலாடிப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கிறவர்.

முதல் வாரம் லெக்சரர் போர்டில் பிரிவுகளை எழுதிப் போட்டார். இயக்கம், வெப்பம், ஒளி, மின்சாரம் என்று பிசிக்ஸ் ஒரு பக்கம். ஆர்கானிக், இனார்கானிக், பிசிக்கல் என்று கெமிஸ்ட்ரி ஒரு பக்கம். நாங்கள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தோம்.

இன்னாசி எழுந்தான். "சார், வள்ளம் மிதக்குறது பிசிக்ஸ். தண்ணி கரிக்கிறது கெமிஸ்ட்ரி. அப்ப கடல் எதுல சார் வரும்?"

"பரீட்சையில வராது, உக்காரு."

கிளாஸே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை... நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். அவனுக்கு அது ஒன்றுதான் ஆசை. அவன் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "பாஸானா படி. பெயிலானா வள்ளத்துக்கு வா. ரெண்டாந்தடவ எழுதுறதெல்லாம் கெடையாது."

எங்கள் லேபில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற மிஷின் கெட்டுப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. உப்பு என்றால் குளோரைடு. அந்தத் தண்ணீரில் எதைக் கரைத்து சில்வர் நைட்ரேட் விட்டாலும் வெள்ளையாகத் திரிந்து, குளோரைடு என்றுதான் காட்டும்.

அதனால் ஐப்பசி மழையில் மைதானத்தில் நாலு கம்பு நட்டு, வெளுத்த வேட்டியைக் கட்டி மழைத்தண்ணீர் பிடிப்போம். கண்ணாடி ஜாடிகளில் மூடி வைத்து, மார்ச் வரை லேபுக்கு அதுதான். ஒவ்வொரு ஜாடியையும் இன்னாசிதான் சில்வர் நைட்ரேட் விட்டுச் சோதிப்பான். "கலங்கல லே... இது பாஸு" என்பான்.

பிராக்டிகல் பரீட்சை அன்று பெஞ்சுகளுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்புவது என் முறை. அன்றைக்கு ஹாஸ்டலுக்குக் குடிதண்ணீர் வண்டி வரவில்லை. வெயில் வேறு, பயம் வேறு... நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எல்லா பாட்டிலும் நிரப்பிவிட்டேன். எங்கள் பெஞ்சுக்கு மட்டும் ஜாடியின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது.

குடித்துவிட்டேன்.

அப்படி ஓர் இனிப்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பாட்டிலைக் கிணற்றில் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரு பாட்டில்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இன்னாசி கேட்டான். "ஏலே, மழைத்தண்ணிதானே? ஒரு சொட்டு விட்டுப் பாத்துருவமா?"

"மழைத்தண்ணிதான்லே. நேரமாகுது, ஆரம்பி" என்றேன்.

ஆளுக்கொரு உப்பு கொடுத்தார்கள்; அது குளோரைடா, சல்பேட்டா, நைட்ரேட்டா என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் விட்டதும் என் டியூபில் வெள்ளை வந்தது. எனக்குத்தான் காரணம் தெரியுமே... அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த டெஸ்டுக்குப் போய், சல்பேட் என்று சரியாக எழுதினேன்.

அவனுக்குக் கொடுத்திருந்தது நைட்ரேட். அதிலும் வெள்ளை வந்ததும் முகத்தில் சந்தேகம். திரும்பவும் முதலிலிருந்து செய்தான். திரும்பவும் வெள்ளை. குளோரைடு என்று எழுதினான்.

நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். சொன்னால் எக்ஸாமினர் என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை.

பிராக்டிகலில் தனியாகப் பாஸாக வேண்டும். அவன் பெயில். ரிசல்ட் வந்த வாரமே வள்ளம் ஏறிவிட்டான். நான் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. முடித்து, ரிட்டயர் ஆகும் வரை கெமிஸ்ட்ரி புரபசராக இருந்தேன். இருந்தேன்... அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

ஒருமுறை சொல்லிவிடத்தான் தங்கச்சிமடம் போனேன். அவன் மகள் பத்தாவது முடித்திருந்தாள். சயின்ஸில் நல்ல மார்க். "சயின்ஸ் குரூப்பில் சேர்த்துவிடு" என்றேன்.

"வேண்டாம்லே. நம்ம ரத்தத்துல அது இல்ல. கண்ணு முன்னால வச்சதையே எனக்குச் சரியாப் பாக்கத் தெரியல. அவளுக்கு எங்கிட்டு வரப் போகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மகளை வேறு குரூப்பில் சேர்த்தான். நான் அவன் வீட்டில் மீன்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை போனில் பேசினோம். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவேன்.

இன்று போனில் அவன் மகள் சொன்னாள். "எங்கூட்டாளி புரபசர்னு அய்யா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாக மாமா. அய்யாவப் பத்தி பேஸ்புக்ல நாலு வார்த்தை எழுதுங்க. நான் பாக்குறேன்."

எழுதிவிட்டேன் தாயீ. நீ படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்க வேண்டியவனை மூணு மணிப் பூசை முடிந்ததும் மண்ணில் வைத்துவிடுவீர்கள்.

போய் வாலே இன்னாசி.

நீ சரியாத்தான் பாத்த. அந்த டியூப்ல இருந்தது குளோரைடுதான்.